மண் தலையும் துணி உடலும்: கலப்புப் பொருள் பொம்மைகள் பற்றி வாசகர்கள் கேட்டவை

கைவினைப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மண், துணி, கம்பி, நார், மணி என்று பல பொருள்களைச் சேர்த்துக் கையால் செய்யும் கலைப் பொம்மைகளைப் பற்றியவை. குழந்தை விளையாடுவதற்கென்று அல்லாமல் பார்த்து மகிழ்வதற்கென்றே செய்யப்படும் இவ்வகைப் பொம்மைகளைக் கலையாக மதிக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்கப் பொம்மைக் கலைஞர்கள் 1963இல் தமக்கென ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1965இல் புது தில்லியில் நிறுவிய பொம்மை அருங்காட்சியகத்துக்குப் போனால் பல நாட்டுப் பொம்மைகளை ஒரே கூரையின்கீழ் பார்க்கலாம். கொங்குப் பகுதியில் இக்கலையில் புதிதாக இறங்கியவர்களின் கடிதங்களைப் படிக்கையில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முகம் சரியாக வரவில்லை என்று குறைப்பட்டவர்கள் மிகச் சிலரே. ஒரு பொருள் இன்னொரு பொருளோடு சேரும் இடத்தில்தான் ஏறக்குறைய எல்லோருக்கும் சிக்கல் வந்திருக்கிறது. ஆகவே பதில்களும் பெரும்பாலும் அந்த இடத்தைப் பற்றியே பேசுகின்றன.

கேள்வி: காற்றில் உலரும் களிமண்ணால் தலையைச் செய்து, துணியில் தைத்த உடலின்மேல் பொருத்துகிறேன். உலர்ந்த சில நாள்களில் கழுத்தைச் சுற்றி வெடிப்பு விழுகிறது. அடைத்தாலும் மறுபடி வெடிக்கிறது. சென்ற ஆடியில் செய்த பொம்மைக்குத் தலையே ஆடத் தொடங்கிவிட்டது. வேறு பசைக்கு மாற வேண்டுமா?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: பசையின்மேல் குற்றம் இல்லை. காற்றில் உலரும் மண்ணிலிருந்து நீர் வெளியேறும்போது அது சுருங்கும். நீங்கள் தலைக்குள் வைத்திருக்கும் தெர்மாகோல் உருண்டையோ கம்பியோ சுருங்காது. உள்ளே இருப்பது விட்டுக்கொடுக்காத நிலையில், சுருங்க முயலும் மண் தான் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே பிளந்துகொள்கிறது. பொம்மையில் அப்படி மெலிந்த இடம் பெரும்பாலும் கழுத்துதான். எனவே முதலில் மாற்ற வேண்டியது உட்கரு. செய்தித்தாளைக் கசக்கி உருட்டி நூலால் சுற்றிய உருண்டையோ, கசக்கிய அலுமினியத் தாளோ சற்று நெகிழ்ந்துகொடுக்கும். அதன்மேல் மண்ணை ஒரே தடவையில் கனமாக அப்பாமல், ஐந்து ஆறு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு பூச்சுப் பூசி, அது நன்றாக உலர்ந்த பிறகு மூக்கு, கன்னம், தாடை ஆகியவற்றை அடுத்த பூச்சில் எழுப்புங்கள். காகிதக் கூழ் கலந்த மண்ணாக இருந்தால் அந்த நார்களே வெடிப்பை ஓரளவு பிடித்து நிறுத்தும்.

அடுத்தது நம் ஊர்க் காற்று. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று ஓயாமல் வீசுகிறது. மழையின் பெரும்பங்கு மலைக்கு அந்தப்புறமே நின்றுவிட, நமக்கு வந்து சேர்வது காற்றுதான். திண்ணையிலோ சன்னல் ஓரத்திலோ வைத்த தலையில் காற்று படும் பக்கம் ஒரே நாளில் உலர்ந்துவிடும். மறுபக்கம் ஈரமாகவே இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு வேகத்தில் சுருங்கினால் முகம் கோணும், கழுத்து பிளக்கும். பக்கங்களில் சில துளைகள் இட்ட அட்டைப் பெட்டிக்குள் தலையை ஒரு குச்சியில் நிறுத்தி, முதல் நாள் முழுவதும் ஈரத்துணியைப் பிழிந்து மேலே போர்த்தி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள். வெயிலில் வைப்பதும் மின்விசிறியின்கீழ் வைப்பதும் வேண்டவே வேண்டாம். விழுந்துவிட்ட வெடிப்பை நீர் கலந்த மண்ணால் மெழுகினால், அந்த நீர் போனதும் மெழுகியதும் சுருங்கிப் பழைய கோடு திரும்ப வரும். வெடிப்பைக் கத்திமுனையால் சற்று அகலப்படுத்தி, அதே மண்ணில் தண்ணீருக்குப் பதிலாக வெள்ளைப் பசையைக் கலந்து கெட்டியாகப் பிசைந்து உள்ளே அழுத்தி நிரப்ப வேண்டும்.

இனி தலையும் துணியும் சேரும் இடம். நீங்கள் எழுதியதிலிருந்து, ஈர மண்ணையே துணிக் கழுத்தின்மேல் அப்பி அங்கேயே உலர விடுகிறீர்கள் என்று தெரிகிறது. துணி மண்ணின் நீரை உறிஞ்சி உப்பும். பிறகு காய்ந்து தளரும். அதற்குள் மண் இறுகிவிட்டிருக்கும். இரண்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி அப்போதே விழுந்துவிடுகிறது. தலை ஆடுவது அதனால்தான். மண் பகுதியைத் தனியாகச் செய்து முழுவதும் உலர்த்தி, கழுத்தின் அடியில் நூல் உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளத்தைச் சுற்றிலும் முன்னதாகவே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். துணிக் கழுத்தின் வாயை அந்தப் பள்ளத்தின்மேல் ஏற்றி, மெழுகு தேய்த்த கெட்டி நூலால் பலமுறை இறுகச் சுற்றிக் கட்டினால், பசை துணைக்கு மட்டும் இருந்தால் போதும். இன்னும் உறுதியான வழி தோள்தட்டு. கழுத்தோடு சேர்த்துத் தோளையும் மார்பின் மேற்பகுதியையும் ஒரே துண்டாக மண்ணில் செய்து, விளிம்பில் முன்னும் பின்னும் துளைகள் இட்டு, உலர்ந்த பிறகு துணி உடலோடு தைத்துவிடுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பீங்கான் தலைகள் துணி உடலோடு சேர்க்கப்பட்டது இப்படித்தான். தையல் தளர்ந்தால் பிரித்து மறுபடி தைக்கலாம் என்பதே அதன் பெரிய வசதி. பசைக்கு அந்த வசதி கிடையாது.

தலையிலிருந்து உடலுக்குள் இறங்கும் கம்பியைப் பற்றியும் ஒரு சொல். கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பி மலிவானது என்றாலும் ஈர மண் பட்டதுமே துருப்பிடிக்கும். அந்தத் துரு சில மாதங்களில் துணிக்கு வெளியே கறையாக எட்டிப்பார்க்கும். இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியக் கம்பியை வாங்கி, மண் பிடிப்பதற்காக அதன்மேல் நூலைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவன் நான். கட்டிங் வேஸ்ட் துண்டுகளிலேயே பொம்மை உடல் தைக்கிறேன். பஞ்சு திணித்த சில வாரங்களில் வயிறு உப்பி, கால்கள் நீண்டு, வடிவம் குலைந்துவிடுகிறது. பனியன் துணி பொம்மைக்கு ஆகாதா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: தாராளமாக ஆகும். தோல் போன்ற மென்மை நெய்த துணியில் வராது. பின்னலாடைத் துணியில்தான் வரும். துணி வகையும் அதை வெட்டும் திசையும் முக்கியம் என்பதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் சட்டை வெட்டும்போது பார்ப்பதும் பொம்மை வெட்டும்போது பார்ப்பதும் சற்று வேறு. பின்னல் வகைகளில் சிங்கிள் ஜெர்ஸியின் ஓரம் சுருளும். ஒரு கண்ணி விட்டால் ஏணிபோல் பிரிந்துகொண்டே போகும். ரிப் துணி எல்லாவற்றையும்விட அதிகமாக இழுபடும் என்பதால் உடலுக்கு உதவாது. காலுறைக்கும் தொப்பிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே முகமாக, ஓரம் சுருளாமல், அளவாக இழுபடும். முகத்துக்கும் கைகால்களுக்கும் நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

எந்தப் பின்னல் துணியும் நெடுக்கைவிடக் குறுக்கில் அதிகம் இழுபடும். கால் துண்டைக் குறுக்கில் வெட்டியிருந்தால், திணிக்கத் திணிக்கக் கால் நீண்டுகொண்டே போகும். நெடுக்குத் திசை கைகால்களின் நீளவாக்கில் வரும்படி வெட்டி, குறுக்கில் எவ்வளவு இழுபடும் என்று கையால் இழுத்துப் பார்த்து, அந்த அளவுக்கு மாதிரித்தாளின் அகலத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் வயிறு மட்டும் இதற்கு அடங்காது. உள்ளிருக்கும் பஞ்சின் அழுத்தத்தை நாள்கணக்கில் தாங்கும் வலிமை பின்னல் துணிக்குக் கிடையாது. ஆகவே அந்தச் சுமையை அதன்மேல் ஏற்றக்கூடாது. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளில் நெய்யும், வெளுக்காத காடாத்துணியில் உடலை ஒரு பையாகத் தைத்து, பஞ்சை அதற்குள் இறுகத் திணித்து வடிவத்தை முடித்துவிடுங்கள். இன்டர்லாக் துணியை அதன்மேல் தோலாக இழுத்துப் போர்த்தினால் போதும். சுமை காடாவுக்கு, அழகு பனியனுக்கு என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் வயிறு உப்பாது.

காடாத்துணியைத் தறியிலிருந்து வந்தபடியே பயன்படுத்தக் கூடாது. நெய்வதற்கு முன் பாவு நூலை விறைப்பாக்கும் சைசிங்கில் போட்ட கஞ்சி அதில் அப்படியே இருக்கும். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக்கிழங்கு மாவும் இந்தக் கஞ்சிக்குப் போகிறது. கஞ்சியுள்ள துணி பூச்சிக்குப் பிரியமான உணவு. ஓர் இரவு வெந்நீரில் ஊறவைத்து, சோப்பிட்டுக் கொதிக்கவைத்து அலசிக் காயவையுங்கள். கஞ்சி போய்விட்டதா என்று ஐயம் இருந்தால் மருந்துக்கடை டிஞ்சர் அயோடினில் ஒரு சொட்டைத் துணியின் ஓரத்தில் விட்டுப் பாருங்கள். கருநீலமாக மாறினால் மாவு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

ஓவர்லாக் தையல் சட்டைக்கு அழகு. ஆனால் பொம்மையின் தோலுக்கு அடியில் கயிறு ஓடுவதுபோல் புடைத்துத் தெரியும். முனை மழுங்கிய பின்னலாடை ஊசியைப் பூட்டிக் குறுகலான ஜிக்ஜாக் போடுங்கள், அல்லது கையால் நெருக்கமாகப் பின்தையல் தையுங்கள். திணிப்பதற்குக் கட்டிங் வேஸ்ட் துண்டுகளையே பயன்படுத்தினால் முடிச்சு முடிச்சாக நிற்கும். ரெக்ரான் என்னும் செயற்கைப் பஞ்சு எளிதில் கட்டி தட்டாது. இலவம்பஞ்சு நீரை ஏற்காது, எடையும் இல்லை. ஆனால் அதன் இழை குட்டையானது, வழுக்கும், பின்னல் துணியின் கண்வழியே வெளியே வரும். காடாப் பைக்குள் மட்டும் அதைத் திணிக்கலாம்.

கேள்வி: துணிக்கு மாநிறம் வர வேண்டித் தேயிலைச் சாயத்தில் முக்குகிறேன். சில முறை நல்ல பழுப்பாகவும் சில முறை சாம்பல் பூத்தும் வருகிறது. ஏன்?
(வாசகி, நாமக்கல்)

பதில்: தண்ணீரையோ பாத்திரத்தையோ சந்தேகியுங்கள். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருக்கும். போர் தண்ணீரில் இரும்பு கலந்திருந்தாலும், இரும்புச் சட்டியில் கொதிக்கவைத்தாலும் அப்படித்தான் சாம்பல் ஏறும். அந்தக் கருமை துணியையும் நாளடைவில் நைந்துபோகச் செய்யும் என்பதால், நிறம் பிடித்திருந்தாலும் அதை வைத்துக்கொள்ள வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்தில், மழைநீரிலோ வடிகட்டிய குடிநீரிலோ சாயமிடுங்கள். ஒரு பொம்மைக்குத் தேவையான துணி முழுவதையும் ஒரே தடவையில் முக்கி எடுங்கள். மஞ்சள் சேர்த்தால் நிறம் பொலியும் என்று சிலர் சொல்வார்கள். முதல் நாள் உண்மைதான். ஆனால் மஞ்சள் வெளிச்சத்தில் நிற்காது.

கேள்வி: என் அமுச்சி (அம்மாவின் அம்மா) பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டுவார். அதே கட்டில், அவருடைய பழைய சேலையிலிருந்தே துணி எடுத்து, ஓர் அடி உயரப் பொம்மை செய்ய விரும்புகிறேன். எவ்வளவு முயன்றாலும் சேலை உடலோடு படியாமல் விறைத்து நிற்கிறது. அந்தச் சேலையை வெட்டலாமா என்றும் மனம் தயங்குகிறது.
(வாசகி, ஈரோடு)

பதில்: பொம்மையை ஐந்தில் ஒரு பங்காகச் சிறுக்கலாம், நூலைச் சிறுக்க முடியாது. உங்கள் அமுச்சியின் உடலில் தழைந்து விழுந்த அதே சேலை, ஓர் அடிப் பொம்மையில் கோணிபோல் நிற்பது அதனால்தான். மடிப்புகள் வந்து குவியும் பின்கொசுவத்தில் இந்தக் கனம் இன்னும் அதிகமாகத் தெரியும். அதனால் இடுப்பில் சுற்றும் பகுதிக்கும் கொசுவத்துக்கும் மிக மெல்லிய மல் துணியையோ 100ஆம் நம்பர் நூலில் நெய்த பழைய வேட்டியின் நைந்த பகுதியையோ எடுத்து, சேலையின் நிறத்துக்குச் சாயமிட்டுக்கொள்ளுங்கள். அமுச்சியின் சேலையைப் பார்வைக்கு வரும் முந்தானைக்கும் மாராப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். உண்மையான சேலையின் சுற்றுகள் அத்தனையும் பொம்மைக்கு வேண்டியதில்லை. உள்சுற்றை விட்டுவிட்டு, கொசுவத்தைத் தனியாக மடித்துத் தைத்து இடுப்பின் பின்புறம் பொருத்தினாலும், முடிந்த பிறகு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மடிப்பு படிவதற்கு, துணியை ஈரமாக்கி அட்டையின்மேல் ஒரே அளவில் மடித்து, ஓட்டுத்தையலால் பிடித்து, மேலே துணி போட்டு இஸ்திரி செய்து, முற்றிலும் காய்ந்த பிறகு அந்தத் தையலைப் பிரியுங்கள். அரிசிக் கஞ்சி போடும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். ராமபாணப் பூச்சி தேடி வரும். முந்தானை காற்றில் அசைவதுபோலவோ கையில் ஏந்தியதுபோலவோ நிற்க வேண்டுமானால் அதன் ஓர மடிப்புக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்த வேண்டும். வெறும் செம்புக் கம்பி ஈரத்தில் பச்சைக் களிம்பு பூத்துத் துணியைக் கறையாக்கும். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் எனாமல் பூசிய செம்புக் கம்பி மிச்சத் துண்டுகளாகக் கிடைக்கும். பம்பு மோட்டார்கள் நிறைந்த நம் பகுதியில் அதற்கு அலைய வேண்டியதில்லை.

சேலையை வெட்டுவது பற்றி என் கருத்து இதுதான். முழுதாக இருக்கும் சேலையைப் பொம்மைக்காக வெட்டாதீர்கள். ஏற்கெனவே கிழிந்த, நைந்த இடம் ஒன்று இருந்தால் அதிலிருந்து எடுங்கள். பழைய பட்டாக இருந்தால் மடிப்பு விழுந்த கோட்டிலேயே உடைந்துவரும். பின்னால் மெல்லிய பருத்தித் துணியை வைத்து நுண்தையலால் பிடித்த பிறகே கத்தரிக்கோல் படலாம். நான்கு விரல் அகலக் கரையை அப்படியே வைத்தால் அது பொம்மையின் முழங்காலை எட்டும் என்பதையும் கவனியுங்கள். கரையின் ஓரத்து மெல்லிய கோடு ஒன்றை மட்டும் எடுத்தாலே போதும்.

கேள்வி: உருமால் (தலைப்பாகை) கட்டிய விவசாயி ஒருவரையும் காங்கேயம் காளையையும் ஒரே பீடத்தில் நிறுத்த விரும்புகிறேன். மனித உருவத்துக்கு என்ன அளவு? காளையை மண்ணில் செய்யவா, துணியில் செய்யவா?
(வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குத் தைப்பொங்கல் நாள்களில் மக்கள் நேர்ந்துகொண்டு வைக்கும் மண் உருவாரங்களைப் போய்ப் பாருங்கள். திமில், கொம்பு, நிற்கும் நிலை ஆகியவற்றை வைத்தே குயவர் அதை மாடு என்று நம்பச் செய்துவிடுகிறார். கலப்புப் பொருளில் செய்பவர்கள் விவரங்களை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் மாட்டைத் தொலைத்துவிடுகிறார்கள்.

மனிதருக்கு அளவுகோல் தலைதான். வளர்ந்தவரின் உயரம் ஏழு அல்லது ஏழரைத் தலை. சிறு குழந்தை ஏறக்குறைய நான்கு தலை. நம் சிற்ப மரபில் முகத்தின் நீளத்தைத் தாளம் என்று கொண்டு, உத்தம தசதாளம் என்னும் பத்துத் தாள உருவத்துக்கு 124 அங்குலம் (அடிக்கோலின் அங்குலம் அல்ல, சிற்பியின் அளவு) என்று வகுத்திருக்கிறார்கள். ஆனால் அது தெய்வ வடிவத்துக்கான அளவு. வயலில் நிற்கும் மனிதருக்கு அதைப் போட்டால் கோயில் சிலைக்கு உருமால் கட்டியது போலாகிவிடும். உருமாலைக் கட்டுவதற்கு முன்னரே தலையை அளந்து முடித்துவிடுங்கள். கட்டிய பிறகு அளந்தால் தலை பெரிதாகத் தெரிய, பயந்துபோய் முகத்தைச் சிறிதாக்கிவிடுவீர்கள். கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும். புதியவர்கள் மேலே ஏற்றிவிடுவார்கள். கை விரித்தால் முகவாயிலிருந்து நெற்றி வரை எட்ட வேண்டும். உழைக்கும் கை என்பதால் சற்றுப் பெரிதாக இருந்தாலும் பிழையில்லை.

காளைக்கு என் தேர்வு: கம்பிக் கூட்டின்மேல் காகிதக் கூழ். மண்ணில் செய்தால் எடையால் கால் ஒடியும். துணியில் செய்தால் திமிலின் விறைப்பு வராது. கால் கம்பிகளைக் குளம்போடு நிறுத்திவிடாமல் ஓர் அங்குலம் மிச்சம் விட்டுப் பீடத்தின் மரத்துக்குள் இறக்கி, அடியில் மடித்துவிடுங்கள். நிறத்தில் கவனம் வேண்டும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, வளர வளரச் சாம்பலும் வெள்ளையுமாக மாறும். இனப்பெருக்கத்துக்கு வளர்க்கும் பூச்சிக்காளைக்குத் தலை, கழுத்து, திமில், முன்தொடை, பின்தொடை ஆகிய இடங்களில் கருமை ஏறியிருக்கும். காயடித்த எருதுக்கு அந்தக் கருமை குறைந்துவிடும். ஏரில் பூட்டிய மாட்டுக்குப் பூச்சிக்காளையின் நிறத்தைத் தீட்டினால் கொங்கு நாட்டில் எந்த விவசாயியும் சிரிப்பார். கண்ணபுரம் தேரையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்வாருங்கள்.

கேள்வி: பாலிமர் களிமண்ணில் செய்த முகத்தைத் தெர்மாகோல் பந்தின்மேல் ஒட்டி வைத்தேன். சில நாளில் பந்து குழைந்து உள்வாங்கிவிட்டது. இன்னொன்றில் ஸ்பிரே பெயின்ட் அடித்ததும் தெர்மாகோல் கரைந்தே போனது.
(வாசகர், கரூர்)

பதில்: இரண்டுக்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். பாலிமர் களிமண் என்பது பி.வி.சி. தூளும் அதை இளக்கும் எண்ணெய் போன்ற ஒரு வேதிப்பொருளும் சேர்ந்தது. சுடாத நிலையில் அந்த இளக்கி, தெர்மாகோலுக்குள் புகுந்து அதையும் இளக்கிவிடும். ஸ்பிரே பெயின்டிலும் சொல்யூஷன் வகைப் பசைகளிலும் உள்ள கரைப்பான்கள் அதே வேலையை நொடியில் செய்கின்றன. தவிரவும் பாலிமர் களிமண் உறையின்மேல் அச்சிட்டிருக்கும் வெப்பத்தில், பெரும்பாலும் 110 முதல் 130 டிகிரி செல்சியஸில், சுடப்பட வேண்டியது. தெர்மாகோல் அந்தச் சூட்டைத் தாங்காது. அலுமினியத் தாள் கருவுக்கு மாறிவிடுங்கள். சூட்டை மீறவிட்டால் களிமண் கருகி மூச்சை அடைக்கும் அமிலப்புகை வரும். சன்னலைத் திறந்து வைத்துச் சுடுங்கள்.

கேள்வி: பொம்மைக்குத் தலைமுடியாகத் தேங்காய் நாரை ஒட்டினேன். முகத்தில் பழுப்புக் கறை வழிகிறது.
(வாசகி, பொள்ளாச்சி)

பதில்: இயந்திரத்தில் அடித்து எடுத்த பழுப்பு நாரில் துவர்ப்புச் சாறு மிச்சம் இருக்கும், ஈரமான பசை பட்டதும் அது இறங்கும். நாரை நீர் தெளியும் வரை பலமுறை ஊறவைத்து அலசிக் காயவைத்த பிறகே கையில் எடுங்கள். முடியை நேரே தலையில் ஒட்டாமல், தலையின் வடிவுக்கு ஒரு மெல்லிய துணித் தொப்பி தைத்து அதில் வரிசை வரிசையாகத் தைத்து, பிறகு தொப்பியைப் பொருத்தினால் கறை முகத்தை எட்டாது. முடியை மாற்றுவதும் எளிது. முதியவரின் முடிக்கும் குடுமிக்கும் நார் பொருந்தும். இளம்பெண்ணின் பின்னலுக்குக் கோன் நூல்தான் சரி.

கேள்வி: ஐப்பசி மழை தொடங்கினால் பொம்மைகளில் பூஞ்சணம் பூக்கிறது. பாச்சை உருண்டை போட்டு மூடி வைக்கலாமா?
(வாசகி, மேட்டுப்பாளையம்)

பதில்: பாச்சை உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு அது பயன்படாது. பொம்மைக்குள் தெர்மாகோல் இருந்தால் உருண்டையின் ஆவி அதையும் இளக்கும். பாலித்தீன் உறைக்குள் ஈரம் அடைபடும் என்பதால், கஞ்சி போக்கிய காடாத்துணியால் போர்த்தி, சுவரிலிருந்து தள்ளி, உயரமான அடுக்கில் வையுங்கள். மண் பகுதிகளின் வெளிப்புறத்துக்கு மட்டும் வண்ணம் பூசிவிட்டு உட்புறத்தையும் அடிப்பகுதியையும் வெறுமையாக விட்டிருந்தால், ஈரம் அவ்வழியே ஏறும். அங்கேயும் ஒரு பூச்சு அக்ரிலிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் செய்த பொம்மைகளை விற்கலாம் என்று எண்ணுகிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் பொம்மை விற்கக் கூடாது என்கிறார்களே? விலை எப்படி வைப்பது?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: 2020ஆம் ஆண்டின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடுவதற்கென விற்கப்படும் பொம்மைகள் ஐ.எஸ். 9873 தரத்துக்கு உட்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். மத்திய அரசின் கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே முதல் வேலையாகக் கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். விற்பனைக்கு மட்டுமல்லாமல், அரசுக் கண்காட்சிகளில் இடம் கேட்பதற்கும் அது உதவும்.

உங்கள் பொம்மைகள் அலங்காரத்துக்கானவை என்று சீட்டில் தெளிவாக எழுதுங்கள். ஆனால் அந்தச் சீட்டு ஒன்றே போதும் என்று நான் கருதவில்லை. கம்பி முனையும் கழன்று வரக்கூடிய மணிக் கண்ணும் உள்ள பொம்மையைக் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு விற்கும்போது வாயால் சொல்லிக் கொடுப்பதுதான் முறை. விளையாட்டுப் பொருள் கடையின் அடுக்கில் அதை வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

விலையைப் பொறுத்தவரை, துணிக்கும் மண்ணுக்கும் ஆன செலவைக் கூட்டி அதை இரட்டிப்பாக்கும் கணக்கு இங்கே செல்லாது. கலப்புப் பொருள் பொம்மையில் பொருளின் விலை அற்பம். முகத்துக்கும் கைகளுக்கும் இணைப்புகளுக்கும் போன மணி நேரமே விலை. அதே நேரத்தில் வேறு வேலை செய்திருந்தால் என்ன கூலி வாங்கியிருப்பீர்கள் என்று பார்த்து அங்கிருந்து தொடங்குங்கள். திருவிழாக் கடையில் வாங்குபவர் பேரம் பேசுவார் என்று முன்னரே ஏற்றி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தெரிந்தவர்களுக்கு ஒரு விலை, தெரியாதவர்களுக்கு ஒரு விலை என்று அது முடியும்.

ஒவ்வொரு பொம்மையோடும் ஒரு சிறு தாளில், உள்ளே என்ன கம்பி, என்ன பஞ்சு, எந்தப் பசை, எந்தத் தையலைப் பிரித்தால் தலை கழலும் என்று எழுதிக் கொடுங்கள். பத்து ஆண்டு கழித்து அதைப் பழுது பார்க்க வேறொருவர் கையில் எடுக்கும்போது, எங்கே கத்தரிக்கோலை வைப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டும். தாளைப் பீடத்தின் அடியில் ஒட்ட வேண்டாம். பசைக்குப் பூச்சி வரும். ஒரு துணிப்பையில் இட்டுப் பீடத்தோடு கட்டிவிடுங்கள்.